அயல் திருந்தினால் குற்றம் குறையுமா?

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். மாந்தரின் ஒழுகலாறாகிய உரிப்பொருளை அவ்விரண்டனோடும் சேர்த்தே அது எண்ணியது. அஃது அகப்பாட்டுக்குக் கூறப்பட்ட இலக்கணம். திருட்டையும் கொலையையும் ஆராய்வதற்கு எழுந்ததன்று. ஆயினும், ஒருவன் நிற்கும் இடத்துக்கும் அவன் செய்யும் செயலுக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று என்பதை அது காட்டும். இவ்வெண்ணத்தையே, நகரங்களின் குற்றக் கணக்குகளைக் கையிற்கொண்டு, அமெரிக்க அறிஞர் சிலர் சென்ற நூறாண்டளவாகச் சோதித்து வந்துள்ளனர்.

நகரத்திற் குற்றம் பெருகும்போது மக்கள் பெரும்பாலும் இரண்டு பரிகாரங்களையே நினைப்பர். ஒன்று தண்டனை, பொலிசாரையும் நீதிமன்றங்களையும் சிறைச்சாலைகளையும் பெருக்குவது அதன் வழி. மற்றையது போதனை, பள்ளியிலும் வழிபாட்டிடத்திலும் நல்லொழுக்கத்தை ஊட்டுவது அதன் வழி. இவ்விரண்டும் வேண்டியனவே. எனினும் மூன்றாவது வழியொன்றும் உண்டென்பார் உளர். குப்பை குவிந்த காணியைத் துப்புரவாக்குங்கள், பாழடைந்த வீட்டுக்குக் கதவு போடுங்கள், இருண்ட முற்றத்தில் விளக்கேற்றுங்கள். குற்றமும் ஓரளவு குறையும் என்பது அவர் கூற்று. கேட்போருக்கு முதலில் நகைப்பே தோன்றும். புல் வெட்டுவதனால் துப்பாக்கிச் சூடு குறையுமா? இக்கேள்விக்கு விடை ஊகத்தில் அன்று, கணக்கிலேயே தேடப்படல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியின் தாய்வீடு சிக்காகோ எனலாம். அங்கே கிளிபோர்ட் ஷோ, ஹென்றி மக்கே என்னும் இருவர், குற்றஞ் செய்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர்களின் வீடுகளை நகரப் படத்திற் புள்ளிகளாகக் குறித்தனர். புள்ளிகள் நகரெங்கும் ஒரே சீராகப் பரவவில்லை. தொழிற்சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் அடுத்த, நகர் நடுவைச் சூழ்ந்த பழைய பகுதிகளிலேயே செறிந்து கிடந்தன. அதனினும் வியப்பானது வேறொன்று. அப்பகுதிகளிற் குடியிருந்தோர் காலந்தோறும் மாறினர். ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்த வீடுகளுக்குப் போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தனர். பின்னர் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தனர். நீங்கிச் சென்ற இனத்தாரின் பிள்ளைகளிடையே குற்றம் தணிந்தது. அவர்கள் விட்டுப்போன பகுதியிலோ குற்றவீதம் ஏறத்தாழ அப்படியே நின்றது. 1942 இல் வெளியான அவர்களது நூல் இவற்றைத் தொகுத்துக் கூறிற்று. "இந்த மக்களே இப்படித்தான்" என்னும் பழிச்சொல்லை அந்தப் புள்ளிகள் பொய்யாக்கின.

அங்ஙனமாயின், இடத்தில் உள்ள குறை யாது? வறுமை என்பது முதல் விடை. அது மெய்யே, ஆயினும் முழு விடை ஆகாது. வறுமையில் ஒத்த இரண்டு அயல்களில் ஒன்று அமைதியாகவும் மற்றது கலகமாகவும் இருப்பதை எந்த நகரத்தாரும் அறிவர். 1997 இல் ரொபட் சாம்சன் என்பாரும் அவருடன் சேர்ந்தோரும், சிக்காகோவின் 343 அயற்பகுதிகளில் 8,782 பேரை வினவிய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். அயலவர் ஒருவரையொருவர் நம்பும் இடத்தில், பிறர் பிள்ளை தவறு செய்யக் கண்டால் "தம்பி, இது தகாது" என்று தடுக்க முன்வரும் இடத்தில், வறுமை ஒத்திருந்தபோதும் வன்செயல் குறைவாக இருந்தது. ஆகவே, தெருவில் இறங்கி நிற்கவும் ஒருவரோடொருவர் பேசவும் அயலவருக்கு இயலுமா என்பதே உயிர்நாடியான கேள்வி ஆயிற்று.

இவ்விரண்டு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1982 இல், ஜேம்ஸ் வில்சன், ஜோர்ஜ் கெல்லிங் என்னும் இருவர் எழுதிய கட்டுரையொன்று பெரும்புகழ் பெற்றது. ஒரு கட்டடத்தின் உடைந்த யன்னல் திருத்தப்படாது கிடந்தால், இங்கே கவனிப்பார் எவருமில்லை என்பது விளங்கிவிடும்; மற்றைய யன்னல்களும் விரைவில் உடைபடும்; சிறு ஒழுங்கீனம் பெருங்குற்றத்துக்கு வழிவிடும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. யன்னலைத் திருத்துவோம் என்பது ஒன்று. யன்னலின் கீழே நிற்கும் இளைஞனைப் பிடிப்போம் என்பது மற்றது.

இரண்டாம் பாதையிற் சென்ற நியூயோர்க் நகரப் பொலிசார், தெருவிற் செல்வோரை ஐயத்தின் பேரில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கத்தைப் பெருக்கினர். 2011 ஆம் ஆண்டில் மட்டும் 6 இலட்சத்து 85 ஆயிரத்துக்கும் அதிகமான முறை இவ்வாறு மக்கள் நிறுத்தப்பட்டனர். பத்தில் ஒன்பது முறையளவில் கைதோ வழக்கோ எதுவும் தொடரவில்லை. நிறுத்தப்பட்டோரிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமே. 2013 இல் நீதிமன்றம், அவ்வழக்கம் கையாளப்பட்ட முறை அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. அயலவரின் நம்பிக்கையே குற்றத்துக்கு அணை என்று சிக்காகோ ஆய்வு காட்டியிருக்க, அந்த நம்பிக்கையையே குலைக்கும் பரிகாரமாக இது முடிந்தது. யன்னலைத் திருத்தும் முதற்பாதையை முறையாகச் சோதித்த பெருமை பிலடெல்பியா நகருக்கு உரியது.

பிலடெல்பியா 1682 இல் வில்லியம் பென் என்பாரால் அமைக்கப்பட்டது. வீடுகள் தோட்டங்களின் நடுவே நிற்க வேண்டும், நகரில் ஐந்து சதுக்கங்கள் வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். பிற்காலத்தில் அது நெசவுக்கும் தொப்பிக்கும் நீராவி இயந்திரங்களுக்கும் பேர்பெற்ற தொழில்நகர் ஆயிற்று. 1950 இல் அங்கு 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழில் போனது, தொழிலாளரும் போயினர். 2000 ஆம் ஆண்டில் குடித்தொகை 15 இலட்சமளவாகச் சுருங்கிவிட்டது. ஆளில்லா வீடுகள் இடிந்து விழுந்தன. இடிந்த இடங்கள் வெறுங்காணிகள் ஆயின. இவ்வாறு பாழ்பட்ட காணிகள் நகரில் ஏறத்தாழ 40,000 எனக் கணக்கிடப்பட்டது. பலவற்றுக்கு உரிமையாளர் யார் என்பதே தெரியவில்லை. ஆளுயரப் பற்றைகளும், பழைய சில்லுகளும், கைவிட்ட மெத்தைகளும், கண்ணாடித் துண்டுகளுமே அவற்றை ஆண்டன.

1827 இல் நிறுவப்பட்ட பென்சில்வேனியாத் தோட்டக்கலைச் சங்கம், 1990 ஆம் ஆண்டுகளில் நியூ கென்சிங்டன் என்னும் பகுதியிலுள்ள மக்கள் அமைப்பொன்றுடன் சேர்ந்து இக்காணிகளைத் திருத்தத் தொடங்கியது. பின்னர் மாநகர நிர்வாகமும் பணம் உதவ, வேலை பரந்தது. செய்முறை மிக எளிது. குப்பை அகற்றப்படும், நிலம் சமமாக்கப்படும், புல் விதைக்கப்பட்டுச் சில மரங்கள் நடப்படும், சுற்றிலும் இடுப்பளவான மரவேலி இடப்படும். அவ்வேலியில் மக்கள் உட்செல்ல வழி விடப்படும். ஆனால் வண்டியில் வந்து குப்பை கொட்டுவோருக்கு அது தடையாகும். இது முடிந்தபின், புல் வளரும் மாதங்களில் ஆட்கள் ஒழுங்காக வந்து புல்லை வெட்டிக் குப்பையைப் பொறுக்குவர். இவ்வேலைக்கு அயலிலுள்ளோரும், சிறையிலிருந்து மீண்டு தொழில் தேடுவோரும் அமர்த்தப்பட்டனர். ஒரு காணியைத் திருத்த ஏறத்தாழ 1,600 டொலரும், அதனை ஆண்டுதோறும் பேண ஏறத்தாழ 180 டொலரும் செலவாயின.

திருத்திய காணிகளைச் சூழக் குற்றம் குறைந்ததாக முற்பட்ட கணக்குகள் காட்டின. ஆனால் அறிவுடையோர் ஒரு தடை எழுப்புவர். முன்னேறத் தொடங்கிய அயல்களையே திருத்துவோர் தேர்ந்தெடுத்திருக்கலாம் அன்றோ? அவ்வாறாயின் குற்றம் குறைந்தது புல்லினாலா, ஏற்கெனவே வீசிய நற்காற்றினாலா என்று எவ்வாறு அறிவது? இத்தடையை நீக்குவதற்குச் சார்ள்ஸ் பிராணஸ் என்பாரும் உடன் ஆய்வாளரும் மருத்துவர் மருந்தைச் சோதிக்கும் முறையைக் கையாண்டனர். 2013 இல் நகரெங்குமிருந்து 541 வெறுங்காணிகள், அண்மையிலுள்ளவை ஒன்றுசேர, 110 தொகுதிகளாக எடுக்கப்பட்டன. எந்தத் தொகுதிக்கு என்ன செய்வது என்பதைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையாலேயே முடிவு செய்தனர். சிலவற்றுக்கு முழுத் திருத்தம். சிலவற்றுக்குக் குப்பை அகற்றிப் புல் வெட்டுதல் மட்டும். எஞ்சியவை இருந்தபடியே விடப்பட்டன. தெரிவில் எவரது விருப்பமும் புகவில்லை. எனவே, பின்னர் தோன்றிய வேறுபாட்டுக்குத் திருத்தமே காரணம் எனத் துணிந்து கூறலாம்.

முடிவு 2018 இல் வெளியாயிற்று. வறுமைக் கோட்டுக்குக் கீழ்ப்பட்ட அயல்களில், காணிகள் திருத்தப்பட்டபின், பொலிசார் பதிந்த குற்றங்கள் மொத்தத்தில் 13 வீதம் குறைந்தன. துப்பாக்கி வன்செயல் 29 வீதமும், வீடுடைத்துத் திருடுதல் ஏறத்தாழ 22 வீதமும், பொதுத்தொல்லைகள் 30 வீதமும் குறைந்தன. குற்றம் அடுத்த தெருவுக்குப் பெயர்ந்து சென்றதற்குச் சான்று காணப்படவில்லை. அயலிலே வாழ்ந்தோர் நானூற்றுக்கு மேற்பட்டோரும் வினவப்பட்டனர். வீட்டைவிட்டு வெளியே செல்வதிலுள்ள அச்சம் 58 வீதம் தணிந்தது. வெளியிடங்களிற் கூடிப் பேசி இருப்பது 76 வீதம் கூடியது. அதே ஆண்டில் வெளியான மற்றொரு கட்டுரை, பசுமையாக்கிய காணிகளுக்கு அருகில் வாழ்வோரிடையே மனச்சோர்வு பற்றிய முறைப்பாடும் பெரிதும் குறைந்ததாகத் தெரிவித்தது.

இவற்றுள் மிகப் பெரும்பயன் மிக வறிய அயல்களிலேயே விளைந்தது என்பது நினைவில் இருத்தத்தக்கது. வசதியுள்ளோர் தெருவில் ஒரு பூமரத்தைக் கூட்டுவதனால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. எவரும் எட்டிப்பாராத தெருவில் ஒரு பாழ்காணியை நீக்கினாலோ மாற்றம் பெரிது. நகரசபைகளோ வழக்கமாக இதற்கு மறுதலையாகவே செய்வன. பூங்காவும் நடைபாதையும் குரல் வலிந்தோர் வாழும் பக்கத்துக்கே முதலிற் செல்லும்.

புல்லுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்பதையும் ஆய்வாளர் விளக்க முயன்றனர். காரணங்கள் இரண்டு. முதலாவது, பற்றை மூடிய காணி துப்பாக்கிக்கும் போதைப்பொருளுக்கும் ஒளிவிடமாக உதவியது. மடியில் துப்பாக்கியுடன் நிற்பவன் பொலிசாரிடம் அகப்படலாம்; பழைய சில்லின் உள்ளே அதனை ஒளித்துவிட்டு அருகில் நிற்பவன் அகப்படான். சண்டை மூண்டதும் நாலடி நடந்து அதனை எடுத்துவிடலாம். காணி வெளித்தபோது அந்த ஒளிவிடம் இல்லாது போயிற்று. இரண்டாவது, பார்வை. 1961 இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் நகரங்களைப் பற்றி எழுதிய நூலில், தெருவைக் காப்பவை முதலில் அங்கு வாழ்வோரின் கண்களே என்று வலியுறுத்தினார். துப்புரவான காணியருகே கிழவர் கதிரை போட்டு அமர்வர், சிறுவர் பந்தடிப்பர், தாய்மார் வாயிலில் நிற்பர். அவர்களில் ஒருவரும் காவலர் அல்லர். ஆயினும் அவர்கள் இருப்பதே காவலாகிறது. சாம்சன் கண்ட அயலவர் நம்பிக்கையும் இத்தகைய இடங்களிலேதான் வளர இயலும். கால் வைக்க அஞ்சும் இடத்தில் அயலவர் எங்ஙனம் அறிமுகமாவர்?

காணியைப் போலவே பாழ்வீடும் ஆராயப்பட்டது. ஆளில்லா வீட்டின் திறப்புக்களைப் பலகையால் அடைத்துவிடுதல் போதாது, உரிய கதவும் யன்னலும் பொருத்தப்படல் வேண்டும் என்னும் விதியை 2011 முதல் பிலடெல்பியா நகரம் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. பலகை அடித்த வீடு இங்கு ஒருவருமில்லை என்று அறிவிக்கும். கதவுள்ள வீடு உள்ளே எவரோ இருக்கக்கூடும் என்று நினைக்கச் செய்யும். விதிக்குப் பணிந்த வீடுகளைச் சூழத் துப்பாக்கி வன்செயல் 39 வீதம் குறைந்ததாக 2016 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. பின்னர், சீட்டுமுறையால் வீடுகளைத் தெரிந்து நடத்திய கடுமையான சோதனையில், துப்பாக்கித் தாக்குதல்களின் குறைவு 13 வீதமளவாகவே காணப்பட்டது. முதல் மதிப்பீடு தளர்ந்தபோதும் பயன் மறையவில்லை. சோதனை கடுமையாகும்போது எண்கள் சுருங்குதல் இயல்பே. ஆகவே இத்துறையிற் பெரிய எண்களைக் கேட்கும்போது சற்றே பொறுத்திருந்து நம்புதல் நன்று.

நிலம் இவ்வாறு சோதிக்கப்பட, பொழுதும் சோதிக்கப்பட்டது. நியூயோர்க்கில் குற்றம் மிகுந்த அரசாங்கக் குடியிருப்புத் தொகுதிகள் ஏறத்தாழ எண்பதில், பாதியளவானவை சீட்டுமுறையால் தெரியப்பட்டு, 2016 இல் அவற்றின் முற்றங்களுக்குப் புதிய விளக்குக் கம்பங்கள் கொண்டுவரப்பட்டன. அத்தொகுதிகளின் வெளியிடங்களில் இரவில் நிகழும் கடுங்குற்றங்கள் 36 வீதம் குறைந்தன. அப்பயன் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நிலைத்ததெனப் பின்வந்த ஆய்வும் கூறிற்று. இளைஞரைச் சுவரோடு நிறுத்திச் சோதித்த அதே நகரத்தில், ஒருவர்மேலும் கைவைக்காத விளக்கு இத்தனையையும் செய்தது.

இவற்றைக் கேட்டு, கட்டடம் புதிதானால் குற்றம் தானே ஒழியும் என்று எண்ணுதல் பிழை. அதற்குச் சான்று செயின்ற் லூயிஸ் நகரின் புரூயிட்-ஐகோ குடியிருப்பு. சேரிகளை நீக்கி, பதினொரு மாடி கொண்ட 33 கட்டடங்களில் 2,870 வீடுகள் எழுப்பப்பட்டன. 1954 இல் மக்கள் குடிபுகுந்தனர். கட்டுவதற்கு மத்திய அரசாங்கம் பணம் தந்தது. பேணும் செலவோ குடியிருப்போர் தரும் வாடகையிலிருந்தே வரவேண்டும் என விதிக்கப்பட்டது. நகரின் குடித்தொகை குறைய, வீடுகள் வெறிச்சோடின, வாடகை வற்றியது, உயர்த்திகளும் குழாய்களும் பழுதுற்றும் திருத்துவாரில்லை. எல்லோருக்கும் பொதுவான நெடிய நடைகளும் படிக்கட்டுகளும் எவருக்கும் உரியன ஆகாது, கொள்ளைக்கும் அச்சத்துக்கும் இடமாயின. 1972 இல் அரசாங்கமே வெடிவைத்து அக்கட்டடங்களைத் தகர்க்கத் தொடங்கியது. 1976 அளவில் யாவும் மண்ணாயின. அவ்வாண்டு 1972 இலேயே ஒஸ்கார் நியூமன் என்னும் கட்டடக்கலைஞர் வெளியிட்ட நூல், தெருவுக்கு எதிர்ப்புறத்தில் ஒத்த வறுமையுடையோர் வாழ்ந்த தாழ்வான வீடுகள் இத்துன்பத்துக்கு ஆளாகாமையை எடுத்துக்காட்டியது. அங்கே ஒவ்வொரு வாயிலும் சில குடும்பங்களுக்கு உரியதாய் இருந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டும் பேணாத மாளிகை வீழ்ந்தது. ஆண்டுக்கு 180 டொலரால் பேணிய புல்வெளி நின்றது.

பேணுதலொடு வேறும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். கொலம்பியா நாட்டின் மெடெலின் நகரில் 1991 இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 பேர் கொலையுண்டனர். அந்நகர் 2004 இல் மலைச்சரிவிலுள்ள ஏழைக் குடியிருப்புகளுக்குக் கம்பியூர்தி அமைத்து, அதனுடன் பூங்காவும் நூலகமும் பாதைகளும் செய்தது. 2003 முதல் 2008 வரையில், அப்பகுதிகளிற் கொலை குறைந்த அளவு, ஒத்த பிற பகுதிகளிற் குறைந்ததிலும் 66 வீதம் மிகுந்திருந்தது. ஆயினும் அதே காலத்தில் ஆயுதக் குழுக்கள் சில கலைக்கப்பட்டன. நகரெங்கும் வன்செயல் தணிந்துகொண்டிருந்தது. அங்கே சீட்டுப் போட்டுச் சோதித்தாரில்லை. ஆதலால் அந்த வெற்றி முழுவதையும் கம்பியூர்தியின் கணக்கில் எழுதுதல் தகாது. மற்றைய எச்சரிக்கை, வாடகையைப் பற்றியது. தெரு அழகானால் காணிவிலை ஏறும். விலை ஏறினால், குப்பையின் நடுவே பொறுத்திருந்த ஏழை, துப்புரவானபின் அங்கிருக்க இயலாது வெளியேற நேரும். குற்றவாளியை அன்றி ஏழையை அகற்றி அமைதி தேடுவது திருத்தம் ஆகாது. திருத்துவோர் குடியிருப்போரின் உரிமையையும் உடன் காத்தல் வேண்டும்.

ஆகவே, அயல் திருந்தினால் குற்றம் குறையுமா என்னும் கேள்விக்கு, குறையும், ஆனால் ஒழியாது என்பதே நேர்மையான விடை. வேலையின்மையைப் புல் போக்காது. பசியை விளக்கு ஆற்றாது. திருத்தம் மிக வறியோர் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். அங்கு வாழ்வோரின் கையாலேயே நடைபெற வேண்டும். திறப்புவிழாவோடு நின்றுவிடாது ஆண்டுதோறும் தொடர வேண்டும். இவ்வாறு செய்த இடத்தில், பிலடெல்பியாவின் வறிய அயல்களில், துப்பாக்கி வன்செயல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் உயிரோடு வீடு திரும்பிய மனிதர்கள். அவர்கள் தெருவில் குடிமாற்றம் நிகழவில்லை. புதிய சட்டமும் பிறக்கவில்லை. பல்லாண்டு பாழ்கிடந்த காணியொன்றை எவரோ வந்து துப்புரவாக்கினர். அடுத்த மாதமும் மறவாது வந்தனர்.